ஃபைல் இல்லாத வாய்

பல் டாக்டரின் மாமனார் கால்பந்து நடுவர். சம்பளத்துக்கு அல்ல, சம்பளத்துக்கு முப்பத்தைந்து வருடம் தண்ணீர் வாரியத்தில் குழாய் அளந்து ஓய்ந்துவிட்டார். சனி ஞாயிறுகளில் பள்ளிப் பிள்ளைகளும் ஆலைத் தொழிலாளர்களும் ஆடும் ஆட்டங்களில் விசிலைப் பல்லில் கடித்துக்கொண்டு குறுக்கும் நெடுக்குமாக ஓடுவதுதான் அவருக்கு உயிர். ஒன்பது வருடங்களுக்கு முன் அப்படி ஓடிக்கொண்டிருந்தபோது யாரோ ஒரு புண்ணியவான் உதைத்த பந்து நேராக முகத்துக்கு வந்தது. விசில் ஒரு பக்கம் விழுந்தது, மேல்வரிசை முன்பல் ஒரு பக்கம் விழுந்தது. வாயைப் பொத்திக்கொண்டு அவர் செய்த முதல் காரியம், உதைத்தவனுக்கு மஞ்சள் அட்டை காட்டியது. பந்து பட்டதற்காக அல்ல, அதற்கப்புறம் அவன் சிரித்ததற்காக.

அந்தப் பல் போன இடத்தில் இம்ப்ளாண்ட் போட்டது மருமகள்தான். அப்போது அவள் அந்தப் பயிற்சியை முடித்துச் சான்றிதழின் மை காயாத நேரம். தாடை எலும்பில் சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்றே நீளமான டைட்டானியம் திருகு ஒன்றைப் பதித்து, எலும்பு அதைப் பிடித்துக்கொள்ள நான்கு மாதம் காத்திருந்து, மேலே ஒரு சின்னத் தூண் வைத்து, தூண் மேல் பீங்கான் பல்லை சிமெண்ட் போட்டு ஒட்டினாள். அச்சு அசலாக அமைந்துவிட்டது. பக்கத்துப் பல்லே குழம்பிப்போகும்.

அன்றிலிருந்து மாமனாருக்குத் தலைகால் புரியவில்லை. பேருந்தில், வங்கி வரிசையில், எதிரணியின் பயிற்சியாளரிடம், எங்கே போனாலும் மேலுதட்டைத் தூக்கிக் காட்டி, "இதுல எது டூப்ளிகேட்னு சொல்லுங்க பார்ப்போம்" என்பார். அவர்கள் தப்பான பல்லைக் காட்டியதும், "என் மருமக போட்டது!" என்று மார்தட்டுவார். அந்த ஒரு பல் கிளினிக்குக்கு அழைத்துவந்த ஆட்கள் எத்தனை பேர் என்று டாக்டருக்கே தெரியாது.

கிளினிக் பெரிதல்ல. இரண்டு நாற்காலி, ஒரு எக்ஸ்ரே அறை, காத்திருப்பவர்களுக்கு ஒரு நீளப் பெஞ்சு, யாருமே படிக்காத பத்திரிகைகள். இரண்டாவது நாற்காலி தணிக்கை அக்காவுடையது. பற்களைச் சுத்தம் செய்து ஈறுகளைக் கவனிக்கும் ஹைஜீனிஸ்ட் அவர். வாய்க்குள் ஒளிந்திருப்பதையெல்லாம் வெளியே இழுத்துப் போடுவதால் டாக்டர் வைத்த பெயர் அது. இம்ப்ளாண்ட் போட்டவர்களுக்கென்று நீலத் துணியில் சுற்றிய தனித்தட்டு ஒன்று வைத்திருந்தார். இரும்புக் கருவி பட்டால் இம்ப்ளாண்டில் கீறல் விழும், கீறலில் அழுக்கு குடியேறும் என்று பிளாஸ்டிக்கும் டைட்டானியமுமான கருவிகள் அதில் இருக்கும். யாராவது அந்தத் தட்டில் தவறிப்போய் ஒரு இரும்புக் கம்பியை வைத்துவிட்டால், அன்றைக்கு அவர்கள் பாடு திண்டாட்டம்தான்.

இம்ப்ளாண்ட் போட்டவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்தாக வேண்டும். வராதவர்களைத் தணிக்கை அக்கா போனில் துரத்துவார். ஒருவர் வெளிநாட்டில் இருப்பதாகப் பொய் சொன்னபோது, பின்னணியில் கேட்ட சத்தத்தை வைத்தே அவர் இரண்டு தெரு தள்ளி இருப்பதைக் கண்டுபிடித்து, அரைமணி நேரத்தில் நாற்காலியில் உட்கார வைத்தவர். இத்தனை கறாரான கிளினிக்கில்தான் இந்தக் கதை நடந்தது. அதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

பல் மருத்துவர்கள் சங்க மாநாட்டில் பேச டாக்டருக்கு அழைப்பு வந்தது. மூன்றரை மாதம் கழித்து, இருநூறு டாக்டர்கள் முன்னால், நாற்பது நிமிடம். தலைப்பு, இம்ப்ளாண்ட்டின் நீண்டகாலப் பராமரிப்பு. டாக்டர் தரையில் நடக்கவில்லை. மாமனாரின் பல்லைத்தான் கடைசிப் படமாகப் போட வேண்டும் என்று அந்த நொடியே முடிவு செய்துவிட்டாள்.

"அக்கா, மாமாவோட ஃபைலை எடுத்துக் கொடுங்களேன்."

தணிக்கை அக்கா அலமாரியைப் பார்த்தார். கம்ப்யூட்டரைப் பார்த்தார். மறுபடியும் அலமாரியைப் பார்த்தார். பிறகு இடுப்பில் கை வைத்துக்கொண்டு டாக்டரைப் பார்த்தார்.

"அவருக்கு ஃபைலே இல்ல டாக்டர்."

"எப்படி இல்லாம போகும்?"

"நீங்க போடல, அதனால இல்ல. அந்தக் காலத்துல நான் இங்க வேலைக்கே சேரல. சரி, கடைசியா அவருக்கு எப்ப செக்கப் பண்ணீங்க?"

"தினமும் பண்றேனே. காலையில காபி குடிக்கும்போது எதிர்லதானே உட்கார்ந்திருக்காரு. நல்லா பளபளன்னு இருக்கு."

"காபி குடிக்கும்போது எக்ஸ்ரே எடுப்பீங்களா?" என்று கேட்டார் தணிக்கை அக்கா.

மறுநாளே மாமனார் வந்தார், வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு. படம் எடுக்கப்போகிறார்கள் என்று அவருக்குச் சொல்லியிருந்தது. எக்ஸ்ரே படம் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. தணிக்கை அக்கா ஒரு படிவத்தை நீட்டினார். பரிந்துரைத்தவர் என்ற இடத்தில் மாமனார் மருமகள் என்று எழுதினார். அவசரத்துக்குத் தொடர்புகொள்ள வேண்டியவர், மருமகள். இதற்குமுன் சிகிச்சை அளித்த டாக்டர், அதுவும் மருமகள். "ஒரே ஆள் எத்தனை இடத்துலதான் ஆடறது?" என்று தானே கேட்டு, தானே சிரித்துக்கொண்டார்.

நாற்காலியில் சாய்ந்ததும் அந்தச் சிரிப்பு எங்கோ போய்விட்டது. தணிக்கை அக்கா நீலத் துணியைப் பிரித்து, மில்லிமீட்டர் கோடு போட்ட பிளாஸ்டிக் குச்சியை எடுத்து, பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே மெதுவாக இறக்கினார். மூன்று, நான்கு வரை போனால் பரவாயில்லை. குச்சி ஏழில் போய் நின்றது. வெளியே எடுத்ததும் ஈறு விளிம்பில் ரத்தம் கோடாகக் கசிந்தது, அதன் பின்னால் மஞ்சளாக ஒரு துளி.

அவர் குச்சியைத் துடைத்து வைத்துவிட்டு, எக்ஸ்ரே அறைப் பக்கம் கை காட்டினார்.

எக்ஸ்ரே திரையில் வந்தபோது டாக்டரின் முகத்தில் ஈயாடவில்லை. திருகின் கழுத்தைக் கட்டிப் பிடித்திருக்க வேண்டிய எலும்பு, கிண்ணம்போலக் குழிந்து கரைந்துபோயிருந்தது. மூன்று மரைகள் எலும்பில்லாமல் அம்மணமாக நின்றன. அவற்றின் ஓரத்தில், பீங்கான் பல்லுக்குச் சற்று மேலே, கடுகளவு வெள்ளைப் புள்ளி ஒன்று.

"சிமெண்ட்" என்றாள் டாக்டர்.

அவளுக்கு அந்த நாள் அப்படியே ஞாபகத்துக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை, கிளினிக் விடுமுறை. மாமனாருக்கு நாலு மணிக்கு இறுதிப் போட்டி. "சீக்கிரம்மா, சீக்கிரம்மா" என்று பறந்துகொண்டிருந்தார். உதவிக்கு ஆள் இல்லை. பல்லை ஒட்டி, பிதுங்கி வந்த சிமெண்டைத் துடைத்து, ஒருமுறை நூலை விட்டு இழுத்து, "போதும் மாமா, ஓடுங்க" என்று அனுப்பினாள். ஈறுக்கு அடியில் மிச்சம் தங்கியிருக்கிறதா என்று பார்க்க ஒட்டிய கையோடு ஒரு எக்ஸ்ரே எடுக்க வேண்டும். வேறு யாராக இருந்தாலும் எடுத்திருப்பாள். வீட்டு ஆள்தானே, நாளைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டாள். அந்த நாளை வந்து சேர ஒன்பது வருடம் ஆகிவிட்டது.

"எப்ப ஆரம்பிச்சுதுன்னு சொல்ல முடியாது டாக்டர்" என்றார் தணிக்கை அக்கா. "ஒப்பிட்டுப் பார்க்க முதல் நாள் படம் ஒண்ணு இருந்தா சொல்லலாம்."

டாக்டர் மாமனார் பக்கம் திரும்பினாள். "மாமா, பல் தேய்க்கும்போது ரத்தம் வருதா?"

மாமனார் கூரையில் இருந்த விளக்கை ஆராய்ந்தார்.

"மாமா."

"கொஞ்சம் வரும்."

"எவ்வளவு நாளா?"

"ஒரு வருஷம் இருக்கும். வலியே இல்லம்மா, சத்தியமா. வலிச்சா சொல்லியிருக்க மாட்டேனா?"

அதுதான் இம்ப்ளாண்ட்டின் கெட்ட குணம். சொந்தப் பல் என்றால் வேரைச் சுற்றியுள்ள நார்கள் முதல் நாளே கூப்பாடு போடும். திருகுக்கு அந்த நார்களும் கிடையாது, வாயும் கிடையாது. கிருமி நேராக எலும்புக்குப் போகும், எலும்பு சத்தமில்லாமல் கரையும், ஒரு நாள் பல் ஆடும்போதுதான் தெரியும். ஆடிவிட்டால் கழற்றுவதைத் தவிர வழியில்லை. நோயாளிகளிடம் இதையெல்லாம் டாக்டர் ஆயிரம் முறை சொல்லியிருக்கிறாள், தண்ணீர்பட்ட பாடாக. வீட்டில் ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

"ஏன் மாமா என்கிட்ட சொல்லல?"

மாமனார் நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார்ந்தார். வாய் துடைக்கும் காகிதத்தை நான்காக மடித்தார்.

"ஊர் பூரா வாயைத் திறந்து காட்டி, என் மருமக போட்டது, என் மருமக போட்டதுன்னு சொல்லியாச்சு. அதுல ரத்தம் வருதுன்னு நானே எப்படிம்மா சொல்லுவேன்? உனக்குக் கெட்ட பேர் ஆயிடாதா? உங்க அத்தைகிட்டகூடச் சொல்லல."

டாக்டருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. முகக்கவசம் போட்டிருந்ததால் பாதி மறைந்தது. தன் பேரைக் காப்பாற்ற ஒரு மனிதர் ஒரு வருடமாக ரத்தத்தைக் கழுவித் துப்பிக்கொண்டிருக்கிறார், அதுவும் பக்கத்து அறையில். கோபம் யார்மேல் என்று அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

"நானே ஈறைத் திறந்து சுத்தம் பண்ணிடறேன் மாமா. நாளைக்கே. யாருக்கும் தெரிய வேண்டாம்."

"யாருக்கும் தெரிய வேண்டாமா?" என்றார் தணிக்கை அக்கா. "இதே படத்தோட ஒரு வெளியாள் வந்திருந்தா யாருகிட்ட அனுப்புவீங்க?"

பதில் மூவரில் இருவருக்குத் தெரியும். ஊரிலேயே சிறந்த ஈறு நிபுணர் ஒருத்திதான். கல்லூரியில் டாக்டருடன் ஒரே வகுப்பு, ஐந்து வருடமும் அவள் முதல் மார்க், டாக்டர் இரண்டாவது மார்க். ஒவ்வொரு தேர்வு முடிவிலும் "அடுத்த தடவை நீ வாங்குவடி" என்று தோளில் தட்டிவிட்டுப் போனவள். மாநாட்டில் முதல் வரிசையில் உட்காரப்போகிறவளும் அவளே. அவளிடம் போய், நான் விட்ட சிமெண்ட்டை எடுத்துக்கொடு என்று நிற்பதா? அதைவிட மாநாட்டுக்கே போகாமல் இருந்துவிடலாம்.

"எனக்கு வேற டாக்டர் வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன்" என்றார் மாமனார். "ஆனா ஒண்ணு கேளு. உன் புருஷன் பத்து வருஷம் கோல்கீப்பரா ஆடினான். அவன் ஆடின ஒரு மேட்ச்லயும் நான் விசில் பிடிச்சதில்ல. ஏன் தெரியுமா?"

"நீங்க அவருக்குச் சாதகமா நடந்துப்பீங்கன்னு..."

"அப்படித்தான் எல்லாரும் நினைச்சாங்க. நான் பயந்தது வேற. பயிற்சி ஆட்டம் ஒண்ணுல ஒரே ஒரு தடவை பிடிச்சேன். பந்து கோட்டைத் தாண்டி உள்ள போயிடுச்சு. நான் பார்க்கல. கண் பந்துமேல இல்லம்மா. பையன் கீழே விழுந்தானே, முட்டியில அடி பட்டுதான்னு அவனைத்தான் பார்த்துட்டிருந்தேன். அதோட விட்டுட்டேன்." மடித்த காகிதத்தைத் தட்டில் வைத்தார். "நீயும் என் பல்லைப் பார்க்க மாட்ட, என் முகத்தைத்தான் பார்ப்ப."

டாக்டர் போனை எடுத்துக்கொண்டு எக்ஸ்ரே அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். உள்ளே என்ன பேசினாள் என்பது தணிக்கை அக்காவுக்குக்கூடத் தெரியாது, காதைத் தீட்டிக்கொண்டு நின்றும் பயனில்லை. வெளியே வந்தபோது மூக்கு சிவந்திருந்தது. "வியாழக்கிழமை பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கா" என்றாள்.

வியாழக்கிழமை முதல் மார்க்காரி ஈறை மெல்லத் திறந்து, உள்ளே இருந்த சதைக் குப்பையை வழித்தெடுத்து, மரை மரையாகத் தேய்த்து, உப்பு நீரால் அலம்பினாள். டாக்டர் பக்கத்தில் நின்று மாமனாரின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவள் டாக்டர் இல்லை, நோயாளியுடன் வந்தவர். உள்ளே கூப்பிடும்வரை காத்திருப்போர் அறையில் இருபது நிமிடம் உட்கார்ந்து, பழைய பத்திரிகையையும் புரட்டியிருந்தாள். சிமெண்ட் துகள் இடுக்கியில் வந்தது. முதல் மார்க்காரி அதை விளக்கில் தூக்கிப் பார்த்தாள்.

"இத்தனூண்டுதான்டி. என்கிட்ட இதைவிடப் பெருசெல்லாம் வந்திருக்கு" என்றாள். கல்லூரி நாட்களில் தோளில் தட்டுவாளே, அதேபோலத் தட்டினாள். அன்றைக்கு அது டாக்டருக்கு எரிச்சலாக இல்லை. "எலும்பு போனது போனதுதான். இதுக்கு மேல போகாம நிறுத்தினா பல் தப்பிக்கும். இனிமே அவர் கையிலயும் உங்க அக்கா கையிலயும்தான் இருக்கு. மூணு மாசம் கழிச்சுத்தான் எதையும் சொல்ல முடியும்."

மூன்று மாதமும் வீட்டில் பல் துலக்கும் நேரம் போர்க்காலம். தணிக்கை அக்கா மாமனாருக்குக் கம்பிக்குப் பிளாஸ்டிக் உறை போட்ட சின்ன இடைப்பல் பிரஷ் கொடுத்து, கண்ணாடி முன் நிற்க வைத்துப் பழக்கினார். பல்லின் இரு பக்கமும் நுழைத்து எடுக்க வேண்டும், ராத்திரி படுக்கும்முன் கட்டாயம். விசிலை அந்தப் பல்லில் கடிக்கக் கூடாது, உதட்டால் பிடிக்க வேண்டும். உதட்டால் பிடித்து ஊதிய முதல் ஆட்டத்தில் சத்தமே வரவில்லை, காற்றுதான் வந்தது. இரண்டு அணிகளும் அவர் ஊதினாரா இல்லையா என்று பத்து நிமிடம் தகராறு செய்தன. மூன்றாவது வாரம் பழகிவிட்டது. எதிர்ப்படுகிறவர்களிடம் இப்போதும் உதட்டைத் தூக்கிக் காட்டினார், ஆனால் கேள்வி மாறிவிட்டது. "உங்க பல்லுல ரத்தம் வருதா? வந்தா மறைக்காதீங்க" என்பார். கேட்டவர்கள் இரண்டடி தள்ளி நின்றார்கள்.

மாநாட்டுக்கு மூன்று நாள் முன்பு முதல் மார்க்காரியின் நாற்காலியில் மறுபடியும் அளவு எடுத்தார்கள். டாக்டர் கண்ணை மூடிக்கொண்டாள். "நாலு" என்றாள் முதல் மார்க்காரி. அடுத்த பக்கம். "மூணு." பஞ்சைக் காட்டினாள். வெள்ளை வெளேரென்று இருந்தது. எக்ஸ்ரேயில் எலும்பு அதே இடத்தில், ஒரு மயிரிழைகூடக் கரையாமல் நின்றது. மாமனார் நாற்காலியிலேயே இரண்டு கையையும் தூக்கி, ஆட்டம் முடிந்ததற்கான சைகையைக் காட்டினார்.

"முடியல சார்" என்றாள் முதல் மார்க்காரி. "ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வரணும். ஆயுசுக்கும்."

மாநாடு அன்று டாக்டர் பேசினாள். படங்களை வரிசையாகக் காட்டினாள். எலும்பு குழிந்த எக்ஸ்ரே, கடுகளவு சிமெண்ட், அதற்குமேல் கரையாமல் நின்ற எலும்பு. படத்தின் மேல் "ஆண், வயது 61" என்று மட்டும் போட்டிருந்தது. அதற்குமேல் எழுத இரவெல்லாம் முயன்றும் கை வரவில்லை. கைதட்டல் நன்றாகவே கேட்டது. இறங்கிவிடலாம் என்று ஒரு காலை எடுத்து வைத்தாள்.

மூன்றாவது வரிசையில் நரைத்த டாக்டர் ஒருவர் எழுந்தார். "எல்லாம் சரிம்மா. அந்த சிமெண்ட்டை உள்ளே விட்ட மகானுபாவர் யாருன்னு சொல்லலையே? தெரிஞ்சா எங்க ஆளுங்களை அந்தப் பக்கம் அனுப்பாம இருப்போம்."

அரங்கம் சிரித்தது. முதல் வரிசையில் தணிக்கை அக்கா சிரிக்கவில்லை. அவர் பக்கத்தில் மாமனார் வெள்ளைச் சட்டையோடு, 'வேண்டாம்' என்று தலையை ஆட்டினார்.

டாக்டர் எடுத்து வைத்த காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"நான்தான் சார். அந்த அறுபத்தொரு வயசுக்காரர் என் மாமனார், இதோ உட்கார்ந்திருக்கார். நாங்க ஒரே வீட்டுல இருக்கோம். ஒன்பது வருஷமா அவருக்கு ஒரு ஃபைல்கூட நான் போடல. எனக்குக் கெட்ட பேர் வரக்கூடாதுன்னு அவர் ஒரு வருஷமா ரத்தத்தை மறைச்சுட்டிருந்தார்."

சிரிப்பு நின்றுவிட்டது. டாக்டருக்குக் காது சுட்டது, ஆனால் ஆரம்பித்தாயிற்று.

"ஒண்ணு கேட்கட்டுமா? சொந்த வீட்டு ஆளுங்களுக்கு இம்ப்ளாண்ட் போட்டவங்க கையைத் தூக்குங்க."

ஒன்று, இரண்டு, பத்து. பிறகு அரங்கத்தில் பாதிக்குமேல் கைகள்.

"ஆறு மாசத்துக்கு ஒரு தடவை அவங்களை நாற்காலியில உட்கார வெச்சு, எக்ஸ்ரே எடுத்து, ஃபைல்ல எழுதறவங்க அப்படியே வெச்சிருங்க. மத்தவங்க இறக்கிடலாம்."

கைகள் இறங்கின. நரைத்த டாக்டரின் கை இறங்கியது. முதல் வரிசையில் முதல் மார்க்காரியின் கை கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்று, அதுவும் இறங்கியது. ஒரு கைகூட மிச்சமில்லை.

சாப்பாட்டு இடைவேளையில் சாப்பாட்டு மேசைப் பக்கம் யாரையும் காணோம். மாடிப்படியிலும் தூண் மறைவிலும் கார் நிறுத்தும் இடத்திலும் டாக்டர்கள் போனும் காதுமாக நின்றார்கள். நரைத்த டாக்டர் தன் மனைவியிடம் வசமாக வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தார், போனைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்திருந்தார். மாமனார் தட்டும் கையுமாக வெளியே வந்து சுற்றுமுற்றும் பார்த்தார்.

"என்னம்மா, எல்லாரும் யாருக்குப் போன் பண்றாங்க?"

"வீட்டுக்கு மாமா."

தண்ணீர்க் குழாய் அருகே முதல் மார்க்காரி இவர்களுக்கு முதுகைக் காட்டி நின்று பேசிக்கொண்டிருந்தாள். அவளுடைய குரல் அவ்வளவு தாழ்ந்து டாக்டர் கேட்டதே இல்லை.

"வலி ஒண்ணும் இல்லன்னு எனக்குத் தெரியும்மா. அதனாலதான் வரச் சொல்றேன். நாளைக்குக் காலையில நானே வந்து கூட்டிட்டுப் போறேன்."